சுவருக்குள் மறைந்திருக்கும் ஈரத்தைக் கண்டறிவது எப்படி?

புகைக்கூடத்தில் உலர்த்திய ரப்பர் தகட்டைத் தரம் பிரிப்பவர் எவ்வாறு சோதிப்பார் என்பதைத் தோட்டத்து மூத்தவர்கள் பலர் நேரில் கண்டிருப்பார்கள். தகட்டை இரு கைகளாலும் தூக்கி வெளிச்சத்திற்கு எதிரே பிடிப்பார். நன்கு உலர்ந்த பகுதி தேன் நிறத்தில் ஒளிவிடும். உலராத பகுதி வெண்புள்ளியாகத் தெரியும். கையால் தடவிப் பார்த்தால் இரண்டிற்கும் வேறுபாடு தெரியாது. மேற்புறம் முழுவதும் உலர்ந்தே இருக்கும். ஈரம் உள்ளே ஒளிந்திருக்கும். இன்று பெரும்பாலோர் கட்டிப்பாலாகவே விற்றுவிடுவதால் இக்காட்சி அரிதாகிவிட்டது. எனினும், வெளியே உலர்ந்தது போல் தோன்றும் பொருள் உள்ளே உலராமல் இருக்கக்கூடும் என்பதை ரப்பர்த் தொழில் செய்வோருக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

நாம் குடியிருக்கும் வீட்டின் சுவரை அவ்வாறு தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க இயலாது. ஆயினும் வீட்டில் உள்ள எளிய பொருள்களைக் கொண்டே சுவரிலும் கூரையிலும் தரையிலும் மறைந்துள்ள ஈரத்தைச் சோதித்து அறியலாம். அது எவ்வழியாக வந்தது என்பதையும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், தீபாவளிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கையில், பேராக் மாநிலத்தின் ஒரு தோட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். செங்கல் லயத்தின் நடுவீடு ஒன்றில் ஓர் அம்மையார் முன்கூடத்துச் சுவருக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். அலமாரியை நகர்த்தியிருந்த இடத்தில், தரையிலிருந்து நான்கடி உயரம் வரை, இரண்டடி அகலத்திற்குச் சுவர் கருத்து, பழைய சாயம் கொப்புளித்து உரிந்திருந்தது. "மூன்று தீபாவளியாக இதே இடத்தில்தான் சாயம் அடிக்கிறேன், ஐயா. பொங்கலுக்குள் மறுபடியும் கறுத்துவிடுகிறது. கூரைத் தகரத்தைக்கூட மாற்றிக் கொடுத்தார்கள். அப்படியும் நிற்கவில்லை" என்றார் அவர். அதே கூடத்தில் உறங்கும் அவருடைய பேரப் பிள்ளைக்கு மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் இரவில் இளைப்பு. அடுத்த வீட்டாரோ தம் குளியலறைச் சுவர் கெட்டதற்கு இவர்கள்தாம் காரணம் என்று கூறி, ஓராண்டாகப் பேச்சுவார்த்தையையே நிறுத்தியிருந்தனர்.

ஓர் ஈரச் சுவரினால் மூன்று ஆண்டுச் சாயச் செலவு, ஒரு குழந்தையின் உடல்நலம், அண்டை வீட்டு உறவு ஆகிய மூன்றுமே கெட்டிருந்தன. சாயம் உரிந்த இடத்திலேயே எல்லாரும் நோயைத் தேடியதுதான் அங்கு நேர்ந்த தவறு. தண்ணீர் நுழையும் இடம் ஒன்று, அது வெளிப்படும் இடம் வேறொன்று என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வீட்டின் கதையைப் பின்னர்த் தொடர்வோம்.

ஈரச் சுவர் பார்வைக்கு அழகற்றது, அவ்வளவுதானே என்று சிலர் கருதுகின்றனர். அது சரியன்று. ஈரமான பொருளின்மீது 24 முதல் 48 மணி நேரத்திற்குள் பூஞ்சணம் வளரத் தொடங்கிவிடும். அதிலிருந்து காற்றில் கலக்கும் நுண்வித்துகள் மூச்சோடு உட்சென்று இருமல், மூக்கடைப்பு, இளைப்பு ஆகியவற்றைத் தூண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நோயை முற்றச் செய்யும். உலகச் சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வீட்டு ஈரமும் பூஞ்சணமும் பற்றி வெளியிட்ட வழிகாட்டியில், இவ்வளவு பூஞ்சணம் இருந்தால் தீங்கில்லை என்று ஓர் அளவை வரையறுக்க இயலாது என்றும், ஈரத்தையே தடுக்க வேண்டும் என்றும் கூறியுள்ளது. மழைக்காலத்தில் பால்மரத்தின் வெட்டுப்பட்டையில் பூஞ்சணம் பிடித்தால் உடனே மருந்து தடவ வேண்டும் என்பதை நாம் அறிவோம். நம் பிள்ளைகள் உறங்கும் சுவரில் பிடித்தால் மட்டும் அதைக் காலண்டர் மாட்டி மறைத்துவிடுகிறோம்.

மரச் சட்டங்களுக்கு ஏற்படும் கேடு இன்னும் மறைவானது. மரத்தில் ஈரம் 20 விழுக்காட்டிற்குக் கீழ் இருக்கும் வரையில் அழுகல் பூஞ்சணம் அதனைத் தாக்குவதில்லை. அதற்கு மேல் ஈரம் தொடர்ந்து தங்குமானால் மரம் உள்ளிருந்து உளுக்கத் தொடங்கும். ஈரத்தைத் தேடிக் கரையானும் வந்து சேரும். கூரைச் சட்டம் அழுகியிருப்பது கீழே உறங்குபவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும்விடக் கொடியது மின்சாரம். மின்கம்பி ஓடும் சுவரில் ஈரம் ஏறினால், விசையைத் தொடும் கை உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொள்ளும்.

இனி, தண்ணீர் வீட்டிற்குள் வரும் வழிகளைக் காண்போம்.

மேலிருந்து இறங்கும் நீரைப் பற்றி எல்லாரும் அறிவர். தகரக் கூரையின் ஆணித் துளைகளே இதற்குப் பெரும்பாலும் காரணம். ஆணியின் தலைக்குக் கீழுள்ள ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து வெடித்துவிட்டால், மழைநீர் துளை வழியே இறங்கும். ஆனால் அது நேராகக் கீழே சொட்டுவதில்லை. தகரத்தின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டு சரிவின் வழியே ஓடி, ஒரு சட்டத்தை அடைந்து, அதன் வழியே மேலும் சில அடி சென்று, ஏதேனும் ஒரு முட்டில் நின்று சொட்டும். எனவேதான் சொட்டும் இடத்திற்கு நேர் மேலே தகரத்தை மாற்றியும் பயன் கிட்டுவதில்லை. துளையை அதற்கு மேற்புறத்தில், சரிவின் உச்சியை நோக்கித் தேட வேண்டும்.

கீழிருந்து ஏறும் நீரைப் பலர் நம்புவதில்லை. தண்ணீர் மேட்டை நோக்கிப் பாயுமா என்று கேட்கின்றனர். பள்ளியில் நாம் செய்து காட்டிய ஒரு சிறு சோதனையை இங்கே நினைவூட்டலாம். ஒரு தட்டில் சிறிது மையைக் கலந்த நீரை ஊற்றி, அதில் வெண்கட்டி ஒன்றை நிறுத்தி வையுங்கள். சிறிது நேரத்தில் மை வெண்கட்டியின்மீது ஏறுவதைக் காணலாம். செங்கல்லிலும் சிமெண்டுப் பூச்சிலும் வெண்கட்டியில் உள்ளவை போன்ற கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன. அடிச்சுவரில் ஈரம் தடுக்கும் படலம் இல்லாவிட்டாலோ, இருந்ததும் கிழிந்துவிட்டாலோ, மண்ணின் ஈரம் இவ்வாறே ஏறும். பெரும்பாலும் அது தரையிலிருந்து மூன்றடி, அதாவது ஒரு மீட்டர் உயரத்திற்குள் நின்றுவிடும். நிற்கும் எல்லையில் அலைபோன்ற கோடும், வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தலும் காணப்படும். பூச்செடி நடுவதற்காகச் சுவரோரம் மண்ணை அணைத்து மேடாக்கி வைத்திருக்கும் வீடுகளில் இது மிகுதி. ஈரம் தடுக்கும் படலத்திற்கும் மேலே மண் ஏறிவிட்டால், அப்படலம் இருந்தும் இல்லாதது போலத்தான்.

மூன்றாவது வழி, சுவருக்குள் ஓடும் குழாய். நான்காவது வழி காற்றே. பகலெல்லாம் சமையலாலும் குளியலாலும் உலரும் துணியாலும் காற்றில் ஏறிய நீராவி, இரவில் குளிர்ந்த தகரத்தின் அடிப்புறத்தில் பனித்துளிபோல் படிந்து சொட்டும். மழையே பெய்யாத நாளில், விடியற்காலையில் பிரட்டுக்குப் புறப்படும் வேளையில் தலையில் நீர் சொட்டினால் அது ஒழுக்கு அன்று, இந்த நீராவிதான். அதற்குத் தகரத்தை மாற்றுவது வீண் செலவு. கூரைக்குக் கீழே காற்றோட்டத்திற்கு வழி செய்தாலே போதும்.

இவற்றுள் எது நம் வீட்டில் நிகழ்கிறது என்பதைச் சோதனையால்தான் அறிய முடியும். முதற் கருவி மூக்கு. வீட்டைப் பூட்டி வெளியூர் சென்று திரும்பியதும், கதவைத் திறந்த அந்நொடியில் வரும் மணத்தைக் கவனியுங்கள். நனைந்த சாக்கின் வாடை வீசினால் எங்கோ ஈரம் உண்டு. உள்ளேயே இருப்பவர்களின் மூக்கு அதற்குப் பழகிவிடும். ஆகவே வந்த விருந்தினரைக் கேட்பதிலும் தவறில்லை. அலமாரிகளையும் கட்டிலையும் நகர்த்தி, அவற்றின் பின்புறத்தைப் பாருங்கள். பதப்படுத்தாத ரப்பர் மரப் பலகை பூஞ்சணத்திற்கு மிக எளிதில் இரையாகும். அத்தகைய பலகையால் செய்த பெட்டியின் முதுகில் கருநீலப் புள்ளிகள் தோன்றுவது ஈரத்தின் முதல் அறிவிப்பு எனலாம்.

அடுத்துப் புறங்கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள். உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும்; புறங்கையே குளிர்ச்சியை நுட்பமாக உணரும். ஒரே சுவரின் பல இடங்களில் வைத்து ஒப்பிட்டால் குளிர்ந்த பகுதி தெளிவாகத் தெரியும். பிறகு விரல் முட்டியால் தட்டிக்கொண்டே செல்லுங்கள். பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்திருந்தால் பொள்ளென்று ஓசை வரும். அறையை இருட்டாக்கி, கைவிளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத உப்பலும் கொப்புளமும் நிழலிட்டுக் காட்டும். கைத்தொலைபேசியின் விளக்கே இதற்குப் போதுமானது.

மரத்திற்குத் திருப்புளி ஒன்று போதும். கதவு நிலையின் அடிப்பகுதி, சன்னல் சட்டத்தின் கீழ்மூலை, குளியலறையை ஒட்டிய பலகை ஆகிய இடங்களில் முனையால் மெல்லக் குத்தி நெம்பிப் பாருங்கள். நல்ல மரமாயின் நீண்ட சிராயாக எழும்பும். உளுத்த மரமாயின் ஓசையின்றிக் குட்டையாக ஒடியும். மேலே பூசிய சாயம் பளபளப்பாக இருக்கும். உள்ளே விரல் நுழையும். இச்சோதனைக்குப் பால்வெட்டும் உளியை எடுத்துவிட வேண்டா. அது நமக்குச் சோறு போடும் கருவி. அதன் கூர் வேறு பணிக்குரியது.

சிமெண்டுச் சுவருக்கும் தரைக்கும் உரிய சிறந்த சோதனை பிளாஸ்டிக் தாள் சோதனை. ஏறக்குறைய ஒன்றரை அடிச் சதுரமுள்ள தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒன்றை எடுத்து, சோதிக்க வேண்டிய இடத்தைத் துடைத்துவிட்டு, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதவாறு ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுவதும், இயன்றால் இரண்டு நாள், அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு நோக்குங்கள். தாளின் உட்புறத்தில், அதாவது சுவரைப் பார்த்த பக்கத்தில், நீர்த்துளி அரும்பியிருந்தாலோ, தாளுக்குக் கீழ் உள்ள சிமெண்டு சுற்றுப்புறத்தைவிடக் கருத்திருந்தாலோ, ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறத்தில் மட்டும் துளிகள் இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். அருகிலேயே, நன்றாக இருப்பதாகத் தோன்றும் ஓரிடத்திலும் இன்னொரு தாளை ஒட்டி ஒப்பிட்டால் ஐயத்திற்கு இடமிராது. ஒட்டுநாடா ஒட்டாமல் வழுக்கி விழுகிறதே என்று சிலர் குறைபட்டுக்கொள்வர். அதுவே ஒரு விடைதான்.

இவை யாவற்றினும் மலிவானது பென்சில் சோதனை. கறையின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடிட்டு, அருகே தேதியை எழுதுங்கள். பெருமழை பெய்த மறுநாள் பாருங்கள். மழையில்லாத வாரத்தின் முடிவிலும் பாருங்கள். மழைக்குப்பின் கறை கோட்டைத் தாண்டினால் கூரையையோ வெளிச்சுவரையோ ஐயுறலாம். மழையில்லாத வாரத்திலும் பெருகினால் குழாயை ஐயுற வேண்டும். நம் நாட்டின் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை நேர இடிமழை மிகுதி. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றின் மழை. இக்காலங்களில் ஒரு கோடும், இடைப்பட்ட உலர்ந்த நாள்களில் ஒரு கோடும் இட்டு வந்தால் சுவரே தன் வரலாற்றைக் கூறிவிடும். தீபாவளி பெரும்பாலும் இந்த அக்டோபர், நவம்பர் மழைக்காலத்திலேயே வருவதால், ஆண்டிலேயே சுவர் மிக ஈரமாக இருக்கும் வேளையில்தான் நம்மவர் சாயம் பூசுகின்றனர் என்பதையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். ஈரத்தின்மேல் பூசிய சாயம் அந்த ஈரத்தை வெளியேற விடாது. சில மாதங்களில் அதுவே கொப்புளித்து உரியும்.

கூரையைச் சோதிக்க நண்பகலே ஏற்ற நேரம். சன்னல்களை அடைத்து உள்ளே நின்று மேலே நோக்கினால் ஆணித் துளைகள் விண்மீன்களைப் போல் தெரியும். அவற்றின் இடத்தை உள்ளிருந்தே குறித்துக்கொள்ளலாம். அதிலும் விளங்காவிட்டால், மழையற்ற நாளில் இரப்பர்க் குழாயால் நீர் பாய்ச்சிப் பார்க்கலாம். இதில் ஒரு முறை உண்டு. முதலில் சுவரின் அடியில் மட்டும் பத்து நிமிடம் பாய்ச்ச வேண்டும். உள்ளே ஒருவர் விளக்குடன் நின்று கவனிக்க வேண்டும். நனையவில்லை எனில் சன்னல் அடிப்பகுதி, பிறகு சன்னல் மேற்பகுதி, பிறகு கூரை ஓரம் என்று படிப்படியாக மேலே செல்ல வேண்டும். எடுத்த எடுப்பில் கூரைமேல் நீரைக் கொட்டினால் அது எல்லா இடங்களையும் நனைத்துவிடும். எவ்வழியே நுழைந்தது என்பது கடைசிவரை விளங்காது.

குழாய் ஒழுக்கைக் கண்டறிய, இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, விடிந்ததும் மறுபடி பாருங்கள். யாரும் நீர் எடுக்காமலே எண் கூடியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. மீட்டர் தனியாக இல்லாத லயங்களில், தொட்டிக்கு நீர் வரும் வழியை அடைத்துவிட்டு, தொட்டி நீரின் மட்டத்தை இரவில் குறித்து விடியலில் ஒப்பிடலாம். கழிவறையில் நீர் விடும் தொட்டிக்குள் சமையலுக்குப் பயன்படும் வண்ணப்பொடி சிறிது கரைத்து, அரைமணி நேரம் நீர் விடாமல் காத்திருந்தால், கிண்ணத்தில் வண்ணம் தோன்றுகிறதா இல்லையா என்பதிலிருந்து உள்ளே கசிவு உண்டா என்பது புலப்படும்.

இக்காலத்தில் ஈரமானி என்னும் சிறு கருவியும் கடைகளில் கிடைக்கிறது. அதன் இரண்டு ஊசிமுனைகளை மரத்தில் அழுத்தினால், அவற்றிற்கிடையே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளந்து ஈரத்தின் விழுக்காட்டைக் காட்டும். பயனுள்ள கருவிதான்; ஆயினும் அதனை முற்றாக நம்பிவிடக் கூடாது. அந்த விழுக்காடு மரத்திற்கே உரியது. செங்கல்லிலும் சிமெண்டிலும் அது காட்டும் எண், ஓர் இடத்தை மற்றோர் இடத்துடன் ஒப்பிட மட்டுமே உதவும். சுவரில் உப்புப் பூத்திருந்தாலோ, பூச்சுக்குள் இரும்புக் கம்பி இருந்தாலோ, ஈரம் குறைவாக இருக்கும்போதே எண் ஏறிக் காட்டும். பிளாஸ்டிக் தாளும் பென்சிலும் கூறுவதைக் கருவியும் கூறினால் ஏற்றுக்கொள்ளலாம்.

வெள்ளம் புகுந்த வீடுகளைப் பற்றித் தனியே ஒரு சொல். 2014 டிசம்பரில் கிளந்தானிலும், 2021 டிசம்பரில் சிலாங்கூர், பகாங் மாநிலங்களிலும் ஏற்பட்ட வெள்ளத்தைப் பலர் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். நீர் வடிந்து சில நாளில் சுவரின் மேற்புறம் உலர்ந்துவிடும். உட்புறம் உலர வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள்கூட ஆகும். பிளாஸ்டிக் தாள் சோதனையில் உலர்ந்தது என்று உறுதியாகும் முன்னர்ச் சாயம் பூசுவதோ, அலமாரியை ஒட்டிப் போடுவதோ கூடாது.

சோதனை செய்கையில் உயிருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்வது முதற் கடமை. ஈரச் சுவரில் விசையோ மின்செருகியோ இருந்தால் மின்சாரத்தை முதன்மை விசையிலேயே துண்டித்துவிட்டுத்தான் அருகில் செல்ல வேண்டும். மின்கசிவு நேர்ந்தால் தானே மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்புக் கருவியின் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் மின்சாரம் நிற்கவில்லை எனில் உடனே அறிவியுங்கள். பழைய வீடுகள் சிலவற்றில் கூரை அஸ்பெஸ்டாஸ் தகடாக இருக்கக்கூடும். அதனைத் துளையிடவோ உடைக்கவோ கம்பித் தூரிகையால் தேய்க்கவோ வேண்டா. அதன் தூசு நுரையீரலுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும். அதன்மேல் ஏறவும் கூடாது. ஆளின் எடையைத் தாங்காது உடைந்துவிடும்.

பூஞ்சணத்தைச் சவர்க்கார நீரால் கழுவித் துடைத்து உலரவிட வேண்டும். கையுறையும் மூக்குக்கவசமும் அணிந்து, சன்னலைத் திறந்து வைத்துச் செய்க. உலர்ந்த பூஞ்சணத்தைத் துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் வீடெங்கும் பரவும். வெளுப்பு நீரைக் கழிவறை கழுவும் அமிலத்துடன் ஒருபோதும் கலக்க வேண்டா. எழும் நச்சுக்காற்று ஆபத்தானது. ஆனால், ஈரம் வரும் வழியை அடைக்காமல் கழுவியதெல்லாம் மீண்டும் வளரும்.

வழியை அடைப்பது யார் பொறுப்பு? சுவரோரத்து மண்மேட்டை வெட்டிச் சரிப்பது, அடைபட்ட கால்வாயைத் திறந்துவிடுவது, கட்டிலை மூன்று அங்குலம் நகர்த்திக் காற்றுக்கு வழிவிடுவது போன்றவற்றை நாமே செய்துகொள்ளலாம். கூரை, சுவர், குழாய் ஆகியவற்றைச் செப்பனிடுவது தோட்டத்து வீடுகளில் முதலாளியின் கடமை. 446ஆவது சட்டம் என வழங்கும் 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் தரச் சட்டம், தொழிலாளர் குடியிருக்கும் கட்டடங்களை நன்னிலையில் பராமரிக்க வேண்டும் என முதலாளியைப் பணிக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட இச்சட்டம் 2020 ஜூன் முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ளது. தோட்டத்தை விட்டு வீடமைப்பாளர் கட்டிய தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தவர்களும் அறிய வேண்டியது ஒன்றுண்டு. உரிமம் பெற்ற வீடமைப்பாளரிடம் வாங்கிய புதிய வீட்டில், வீடு ஒப்படைக்கப்பட்ட நாள் முதல் 24 மாதங்களுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளை எழுத்து வழியே அறிவித்தால், அவர் தம் செலவில் சரிசெய்தாக வேண்டும். அந்த 24 மாதங்களில் இரண்டு மழைக்காலங்கள் வரும். சோதனையை அப்போதே செய்துவிடுவது நல்லது.

வாயால் சொல்வதைவிட எழுதிக் கொடுப்பதே சிறந்தது. "வீடு ஒழுகுகிறது" என்று அலுவலகத்தில் கூறினால் கிராணியார் குறித்துக்கொள்வார். தகரம் மாற்ற ஆள் வருவார். "இத்தனையாம் தேதி மழையில்லை, கறை இரண்டு அங்குலம் பெருகியது, இத்தனையாம் தேதி பிளாஸ்டிக் தாளின் உட்புறம் நீர் கண்டது" என்று தேதிகளோடு எழுதிப் படமும் இணைத்துக் கொடுத்தால், எதைச் செப்பனிட வேண்டும் என்பது நிர்வாகத்திற்கும் விளங்கும். ஒரு படியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் கிட்டாவிட்டால், அதே படியுடன் மனிதவள அமைச்சின்கீழ் இயங்கும் தொழிலாளர் இலாகாவின் அருகிலுள்ள அலுவலகத்தை நாடலாம்.

பேராக் தோட்டத்து அம்மையாரின் வீட்டிற்குத் திரும்புவோம். சாயவாளியை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, கறையைச் சுற்றிப் பென்சில் கோடிட்டுத் தேதி எழுதினோம். பிளாஸ்டிக் தாள்கள் இரண்டை ஒட்டும் முறையையும் காட்டினோம். பத்து நாள் கழித்து மறுபடி சென்றபோது, அவ்வாரம் மழையே இல்லாதிருந்தும் கறை கோட்டைத் தாண்டியிருந்தது. தாளின் உட்புறத்தில் முத்து முத்தாக நீர். கறைக்கு மேலே, கூரை வரை, சுவர் நன்கு உலர்ந்திருந்தது. ஆகவே கூரை காரணமன்று. தரை ஈரமாயின் சுவரின் நீளம் முழுவதும் ஏறியிருக்கும். இதுவோ இரண்டடி அகலத்திற்கு மேல் இல்லை. எஞ்சியது குழாய் ஒன்றே. ஆனால் அம்மையாரின் வீட்டில் அச்சுவரில் குழாயே கிடையாது.

லயத்து வீடுகளுக்குச் சுவர் பொது. மறுபுறம் அடுத்த வீட்டாரின் குளியலறை. அவ்வீட்டுப் பெரியவரை அழைத்தோம். முதலில் தயங்கினாலும் பிறகு வந்து கறையையும் தாளையும் நெடுநேரம் உற்று நோக்கினார். அன்றிரவு அவரே தம் வீட்டுக் குழாயின் அடைப்பு விசையைத் திருகி மூடினார். மூன்று நாள்கள் இரு வீட்டாரும் பொதுக்குழாயில் நீர் பிடித்துக்கொண்டனர். மூன்றாம் நாள் புதிய தாளில் துளிகள் குறைந்திருந்தன. விசையைத் திறந்த மறுநாள் மீண்டும் பெருகின. இரு வீட்டாரும் சேர்ந்து கையொப்பமிட்டுக் கொடுத்த கடிதத்தின்பேரில் நிர்வாகம் ஆளை அனுப்பியது. பூச்சை உடைத்தபோது, குளியலறைக் குழாய் வளையும் மூட்டில் இரும்பு துருப்பிடித்து, ஊசிமுனை அளவு துளையிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது.

குழாய் மாற்றப்பட்டும் சுவர் உலர ஐந்து மாதங்கள் ஆயின. படிந்திருந்த உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொண்டிருந்ததால், பூச்சைச் சுரண்டிப் புதிதாகப் பூச வேண்டியதாயிற்று. அவ்வாண்டுத் தீபாவளிக்கு அச்சுவர் சாயமின்றியே நின்றது. அடுத்த வீட்டுப் பெரியவர் பலகாரத் தட்டுடன் வந்து அதன் முன்னே அமர்ந்திருந்தார். மறு ஆண்டு தைப்பூசம் கழிந்து சில வாரங்களில் நாம் மீண்டும் அங்குச் சென்றபோது, கடைசிப் பென்சில் கோட்டின் அருகே "காய்ந்துவிட்டது" என்று பேரப் பிள்ளையின் கையெழுத்தில் ஒரு சொல் இருந்தது. அதன்மேல் மட்டும் சாயம் பூச அம்மையாருக்கு மனம் வரவில்லையாம்.